தைரியத்துக்கு நாற்பது மார்க்

பூதலூர் குணசேகரன் சார் எந்தக் கௌபாய் படத்துக்கும் எழுபத்திரண்டு மார்க்குக்கு மேல் போட்டதாகச் சரித்திரம் கிடையாது. அந்த எழுபத்திரண்டும் ஒரே ஒரு படத்துக்குத்தான் கிடைத்தது. அதிலும் ஆறு மாதம் கழித்து, அந்தக் கதாநாயகன் வில்லனைச் சந்திக்கத் தெருவில் இறங்குமுன் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்து, நாலு மார்க்கைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். எப்போதோ செத்துப்போன நடிகன், மேல்முறையீட்டுக்கு எங்கே போவான்?

சார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் செயினைப் பிடித்து அடுத்தவன் நிலத்தை அளந்த கைக்குச் சும்மா இருப்பது சரிப்பட்டு வரவில்லை. கோயில் கமிட்டியில் சேர்ந்தார், இரண்டு மாதத்தில் எல்லோரோடும் சண்டை. நடைப்பயிற்சி நண்பர்களோடு சேர்ந்தார், அவர்கள் நடக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் பழைய கௌபாய் படங்கள் வந்து அவரிடம் மாட்டின. இளவயதில் தஞ்சாவூர் தியேட்டரில் காலைக்காட்சியாகப் பார்த்த மாதிரியான படங்கள். இப்போது எல்லாம் செல்போனிலேயே கொட்டிக் கிடக்கின்றன.

மார்க் போடுவதற்கு அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். குதிரைக்குப் பத்து, துப்பாக்கிக்குப் பதினைந்து. பலகை வீடும் புழுதித் தெருவும் நிஜ ஊர் மாதிரி இருந்தால் அதற்குப் பத்து. வில்லனுக்கு இருபத்தைந்து. தைரியத்துக்கு நாற்பது. இந்தக் கடைசி நாற்பதில்தான் சார் எல்லோருடைய கழுத்தையும் அறுப்பார்.

“துப்பாக்கிய எவன் வேணும்னாலும் தூக்குவான் பாய். அதுக்கு வேற மார்க் இருக்கு. ஊரே ஒரு பக்கம் நிக்கிறப்ப, நடந்தது இதுதான்டான்னு நாலு பேர் முன்னாடி வாயத் தொறந்து சொல்றான் பாருங்க, அவனுக்குத்தான் இந்த நாப்பது” என்பார்.

கதாநாயகனையாவது விட்டுவிடலாம். வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்கள்தான் அவர் கையில் படாத பாடு படுவார்கள். எல்லாப் படத்திலும் அந்தக் காட்சி ஒன்று உண்டு. வில்லன் குதிரையில் ஊருக்குள் வருவான், கடைக்காரன் கதவைச் சாத்துவான், முடி வெட்டுகிறவன் பாதி வெட்டில் திரையை இழுத்து விடுவான். சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “கதவச் சாத்துறான் பாருங்க! இவன்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறானா? மைனஸ் அஞ்சு!” என்று எழுந்து நின்றே கத்துவார்.

பாய் என்று அவர் கூப்பிடுவது லியாகத் அலியை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவர். இருபத்திரண்டு வருஷம் சவுதியில், தம்மாமில் இருந்தார். அங்கே கேம்ப்பில் வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இந்தப் படங்களைக் கேசட்டில் பார்த்திருக்கிறார்கள். பாஷை தெரியாது, ஆனால் குதிரை ஓடுவது எல்லோருக்கும் புரியும். ஊர் திரும்பிய பிறகும் அவருக்கு வெள்ளிக்கிழமை என்றால் அதுதான். ஜும்ஆ தொழுகை முடித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கடைக்கு மேல் இருக்கும் அறையில் டிவியைப் போடுவார். சார் சைக்கிளில் வந்து இறங்குவார். எட்டு வருஷமாக இப்படித்தான்.

படம் முடிந்ததும் லியாகத் செல்போனை நீட்டுவார், சார் மார்க்கை அறிவிப்பார். அது ‘குதிரைப்படை’ என்ற வாட்ஸப் குரூப்புக்குப் போகும். தம்மாமிலும் ஷார்ஜாவிலும் பட்டுக்கோட்டையிலுமாக நூற்று நாற்பது பேர் அதைக் கேட்பதற்கென்றே காத்திருந்தார்கள். சாரின் திட்டுக்கு அங்கே தனி ரசிகர்கள் உண்டு. லியாகத் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு படத்துக்கும் மார்க் போட்டதில்லை. கேட்டால், “நல்லாருந்துச்சு சார்” என்பார். “உங்களுக்கு எல்லாப் படமும் நல்லாத்தான் இருக்கும்” என்று சார் சலித்துக்கொள்வார்.

போன கோடையில் ஒரு படம் பார்த்தார்கள். ரயில் பாதை போடுவதற்காக ஒரு பள்ளத்தாக்கை அளக்க வருகிற சர்வேயர்களைப் பற்றியது. அதைப் பார்த்த குஷியில் சார் தன் பழைய கதை ஒன்றை எடுத்து விட்டார்.

எண்பத்து நாலில், யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளை எல்லாம் புதுப்பித்துக்கொண்டிருந்த சமயம். சார் அப்போது இந்தப் பிர்க்காவுக்கு, அதாவது சுற்றுவட்டத்துக் கிராமங்களுக்கெல்லாம், சர்வேயர். ஐப்பசி மழை, வயலெல்லாம் முழங்கால் தண்ணீர், அட்டை வேறு. அந்த வட்டாரத்து மிராசுதார், “இதுல எதுக்குத் தம்பி எறங்குறீங்க” என்று களத்துக் கொட்டகையில் உட்காரவைத்துக் கோழிக்குழம்பு போட்டார். சார் சாப்பிட்டுவிட்டு, கொட்டகையில் இருந்தபடியே குத்துமதிப்பாக மூன்று வயலுக்குப் படம் வரைந்தார். அதில் எட்டடி அகலப் பிடாரி வாய்க்கால் அப்படியே விட்டுப்போய்விட்டது. வாய்க்கால் ஓடிய இடமும் மிராசுதார் பட்டாவுக்குள் போய்விட்டது. பிற்பாடு பார்த்தபோது சாருக்கே தெரிந்தது. திருத்துவதென்றால் மேலே எழுத வேண்டும், ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டார்.

“இன்னிக்கும் தண்ணி ஓடிட்டுத்தான இருக்கு? அது என்ன பேப்பரப் பாத்துட்டா ஓடுது?” என்று சொல்லிச் சிரித்தார். லியாகத்தும் சிரித்தார். ஏனென்றால் தம்மாம் சம்பாத்தியத்தில் அவர் வாங்கியிருந்த எட்டு மா நிலம், அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அந்தப் பிடாரி வாய்க்காலின் கீழேதான் இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டும்தான் இருந்தது.

ஆவணியில் அது நின்றது. மிராசுதாரின் பேரன் நிலத்தைச் செழியன் என்கிற மனை வியாபாரிக்கு விற்றான். செழியன் பொக்லைனைக் கொண்டுவந்து, மண் அடித்து, இரண்டே நாளில் வாய்க்காலை மூடி, அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி கட்டினான். கேட்டவர்களிடம் சார் அன்று வரைந்த புலப்படத்தைக் காட்டினான். அதில் வாய்க்கால் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்றான். பாவம், அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்வது, பேப்பரில் இருந்ததைத்தான் அவன் வாங்கியிருந்தான்.

கீழே பதினாலு குடும்பத்து நிலம். நடவு முடிந்து சம்பாப் பயிர் பச்சை பிடித்து நின்றது. பாய்ச்சுவதற்குப் போர்வெல்லில் இரவல் தண்ணீர் கேட்டுச் சமாளித்துவிட்டார்கள். ஆனால் மழை இறங்கினால் வயல் தண்ணீர் வடிவதும் அதே வாய்க்காலில்தான், வேறு வழியே கிடையாது. இளம்பயிர் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும், அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மனுக் கொடுத்தார்கள். ஐப்பசி முதல் வாரம் வியாழக்கிழமை தாலுக்கா ஆபீஸில் பேச்சுவார்த்தை என்று தாசில்தார் கடிதம் அனுப்பினார். படத்தில் கையெழுத்துப் போட்ட சர்வேயர் உள்ளூரிலேயே இருக்கிறார் என்பதால் குணசேகரன் சாருக்கும் ஒரு கடிதம் வந்தது.

செவ்வாய்க்கிழமை லியாகத் சார் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“சார், வியாழக்கெழம உங்களயும் கூப்புட்டுருக்காங்க.”

“ஆமா பாய். லெட்டர் வந்துச்சு.”

“வாய்க்கா இருந்துச்சு, அன்னிக்கு மழையில அளக்க முடியல, படத்துல விட்டுப்போச்சு. இந்த ஒரு வார்த்தைதான் சார் வேணும். நீங்க சொல்லிட்டா அன்னிக்கே தொறந்து விடச் சொல்லிருவாங்களாம். மழைக்கு முன்னாடி தொறந்துட்டா பயிரு பொழச்சிக்கும்.”

“இதுக்கு வீடு தேடி வரணுமா? சொல்லாம வேற என்ன பண்ணப் போறேன்?” சாருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. “எட்டு வருஷமா என்னப் பாக்குறீங்க. என்னப் பாத்து இதக் கேக்கலாமா?”

லியாகத் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரிங்க சார்” என்று எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் ராஜாத்தி அம்மாள் சமையலறையில் இருந்து வந்தார். புருஷனை நாற்பது வருஷமாகப் பார்த்தவர். “போனமா, சொன்னமான்னு சொல்லிட்டு வாங்க. ஒங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?” என்றார்.

“ஒண்ணும் ஆகாது. நாப்பது வருஷத்துக்கு முந்தின விஷயம். சட்டப்படி என்ன ஒண்ணும் பண்ண முடியாது.”

“அப்பறம் என்ன?”

அதுதானே, அப்புறம் என்ன. வழக்கு இல்லை, நஷ்டம் இல்லை, செழியன் அவருக்கு மாமனும் இல்லை மச்சானும் இல்லை. சார் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். புதன்கிழமை முழுக்க மனசுக்குள் பேசிப் பார்த்தார். கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். ‘தவறு என்னுடையது’ என்று ஆரம்பிக்க வேண்டும். எல்லோரும் ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள். அந்தக் காட்சிக்குத் தைரியத்தில் தனக்கே முப்பத்தாறு மார்க் போட்டுக்கொண்டார். முன்கூட்டியே ஒத்திகை பார்த்த குற்றத்துக்கு நாலு குறைத்திருந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணி. தாலுக்கா ஆபீஸ் கூட்ட அறையில் விவசாயிகள் சுவரோரம் நின்றார்கள். செழியன் வக்கீலோடு உட்கார்ந்திருந்தான். சார் வாசலில் தலையைக் காட்டியதுமே தாசில்தார் அம்மா எழுந்து நின்றுவிட்டார். “வாங்க சார், இப்படி வாங்க” என்று தன் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார். சார் ரிட்டயராகி எட்டு வருஷம் ஆகிறது. ஓர் ஆபீஸில் தனக்காக இன்னொருவர் எழுந்து நின்றதை அவர் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது.

மேஜைமேல் அந்தப் புலப்படம் விரித்து வைத்திருந்தது. மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. மூலையில் அவருடைய கையெழுத்து. இருபத்தாறு வயதில் போட்டது, இப்போது போடுவதைவிட அழகாக இருந்தது.

தலைமை சர்வேயர் பிரகதீஸ்வரி அவரிடம் பயிற்சி எடுத்த பெண். கை கூப்பிவிட்டு, தாசில்தாரிடம் சொன்னாள்: “மேடம், நான் சார்ட்ட தொழில் கத்துக்கிட்டவ. சார் படம் போட்டா செயின்ல ஒரு லிங்க் கூடத் தப்பாது. இப்பவும் புதுசா வர்றவங்களுக்கு சாரோட படத்த வச்சுத்தான் சொல்லிக் குடுக்கறோம். படம்னா இப்படிப் போடணும்னு காட்டுறதே இதையெல்லாம்தான்.”

அவள் மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அதுதான் கெடுத்தது. திட்டியிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால், செழியன் பக்கத்து வக்கீல் ஏதாவது ஏடாகூடமாகக் கேட்டிருந்தால், சார் சிலிர்த்துக்கொண்டு எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பார். அறையில் ஒருத்தரும் அவரை எதிர்க்கவில்லை. எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வரைந்தேன் என்று இந்த முகங்களைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“சொல்லுங்க சார்,” என்றார் தாசில்தார் அம்மா. “படத்துல வாய்க்கா இல்ல. பதிவேட்டுலயும் இல்ல. இவங்க இருந்துச்சுங்கறாங்க. நீங்கதான் எறங்கி அளந்தவரு. நீங்க என்ன சொல்றீங்களோ அத வச்சு நான் இன்னிக்கே உத்தரவு போட்டுர்றேன்.”

சார் தொண்டையைச் செருமினார். லியாகத் சுவரோரம் நின்று மனுவின் நகலை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். அவரைப் பார்க்கக்கூடாது என்று சார் நினைத்தார், பார்த்துவிட்டார். ‘தவறு என்னுடையது’ என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதிலாக, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கிய வாய், தனக்குப் பழகிய வாக்கியத்தைத் தானாகவே சொன்னது.

“ரெக்கார்டுல என்ன இருக்கோ அதுதான்மா.”

சுவரோரத்தில் சத்தம் எழுந்தது. அம்சம் என்கிற பெண் முன்னால் வந்தாள். லியாகத் நிலத்துக்குப் பக்கத்திலேயே கோயில் நிலம் ஐந்து மாவைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

“அய்யா, என்னய்யா இப்புடிச் சொல்றீங்க? நான் அப்ப சின்னப் புள்ள. களத்து வேலைக்கு எங்கம்மா கூட வந்துருந்தேன். நீங்க சாப்புட்டுட்டு அந்த வாய்க்காவுல எறங்கித்தான் கையக் கழுவுனீங்க. நான் பாத்தன்ய்யா! வெள்ளச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு, செருப்பக் கரையில கழட்டி வச்சிட்டு எறங்குனீங்க!”

சாருக்கு அந்தத் தண்ணீரின் சில்லிப்புகூட ஞாபகம் வந்தது. மழைக்காலத்துக் கலங்கல் தண்ணீர், கணுக்காலை இழுத்துக்கொண்டு வேகமாக ஓடியது. எதிர்க்கரையில் அழுக்குப் பாவாடையோடு ஒரு சிறுமி நின்றது உண்மையிலேயே ஞாபகம் வந்ததா, இவள் சொன்னதால் வந்ததா, தெரியவில்லை.

“நாப்பது வருஷம் ஆச்சும்மா,” என்றார். “அதெல்லாம் ஞாபகம் இல்ல.”

முதல் முறை சொன்னது தப்பித்தல். அதற்காவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ரெக்கார்டில் இல்லை என்பது உண்மைதானே என்று. இரண்டாவது பச்சைப் பொய். அது சாருக்கே தெரிந்தது. ஆனால் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை.

தாசில்தார் அம்மா பேனாவை மூடினார். ஆதாரம் இல்லாமல் பட்டா நிலத்தில் கை வைக்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். கோர்ட்டு என்றால் எத்தனை வருஷம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மழைக்கு எத்தனை நாள் என்பதும் தெரியும். அம்சம் மண்ணை வாரித் தூற்றவில்லை, சாபம் விடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “படிச்சவரு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வெளியே வரும்போது செழியன் ஓடிவந்து சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “ரொம்ப நன்றிங்கய்யா. கார்ல எறக்கி விடட்டுங்களா?” என்றான். சார் கையை உருவிக்கொண்டு விறுவிறு என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

வீட்டில் ராஜாத்தி அம்மாள், “சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். “ம்” என்றார் சார். அதுவும் பொய்தான். ஒரே நாளில் எத்தனை என்று எண்ணுவதை அவர் விட்டுவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் இருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. போவதா வேண்டாமா என்று சார் மத்தியானம் வரை யோசித்தார். போகாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். போனால் லியாகத் கத்துவார், சட்டையைப் பிடிப்பார், பிடிக்கட்டும். நாலு வார்த்தை அவர் கேட்டால்தான் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியும் என்று நினைத்தார். நியாயம் என்று எதை நினைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். மூன்று மணிக்குச் சைக்கிளை எடுத்தார்.

லியாகத் கத்தவில்லை. தொழுகைத் தொப்பி இன்னும் தலையில் இருந்தது. “வாங்க சார்” என்றார், எப்போதும் சொல்கிற மாதிரியே. மின்விசிறியைச் சார் பக்கம் திருப்பி வைத்தார். படத்தைப் போட்டார். கறுப்பு வெள்ளைப் படம், ஆற்றை மறித்து அணை கட்டிய ஒரு பண்ணைக்காரனும் கீழே காய்ந்து கிடக்கிற குடியானவர்களும். வேண்டுமென்றே போட்டாரா என்று சார் ஓரக்கண்ணால் பார்த்தார். லியாகத் பாட்டுக்குக் காலை நீட்டிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் படத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்ததுமே கொட்டியது. தகர மேற்கூரை போட்ட அறை, டிவியில் துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை. லியாகத் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். கடைக்காரர்கள் கதவைச் சாத்துகிற காட்சி வந்தது. சார் எழுந்து கத்தவில்லை. தலையைக் குனிந்து வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது. லியாகத் செல்போனை எடுத்து நீட்டினார். “சொல்லுங்க சார். குரூப்புல இப்பவே கேக்குறாங்க.”

“பாய், நேத்து...”

“விடுங்க சார்.”

“இல்ல, நான் சொல்லணும்னுதான் வந்தேன். அந்தப் பொண்ணு பிரகதீஸ்வரி அப்படிச் சொன்னதுக்கப்பறம் எனக்கு...”

“நீங்க சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சார்.”

மழைச் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டதா என்று சார் அவர் முகத்தைப் பார்த்தார். லியாகத் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பேரிங் போய்விட்டது, இந்த மோட்டார் இனி ஓடாது என்று வாடிக்கையாளரிடம் சொல்வாரே, அந்த முகம்தான்.

“தெரியுமா? தெரிஞ்சா எதுக்கு வீட்டுக்கு வந்து கேட்டீங்க?” சாரின் குரல் உயர்ந்தது.

“கேக்காம விட்டிருந்தா, ‘என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லிருப்பனே பாய்’னு வாழ்நாள் பூரா சொல்லிட்டு இருப்பீங்க. ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் அத உக்காந்து கேக்கணும். அதுக்குத்தான் வந்து கேட்டுட்டேன்.”

சாருக்கு முகம் சுட்டது. வெட்கத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. நேற்று முதல் உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறார், இந்த மனுஷன் என்னடாவென்றால் அதை எதிர்பார்க்கவே இல்லையாம். “எப்பலேர்ந்து? எப்பலேர்ந்து உங்களுக்கு என்மேல இந்த அபிப்பிராயம்?”

லியாகத் செல்போனை மடியில் வைத்தார். சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சொல்லிவிட்டார்.

“மொதப் படத்துலேர்ந்துதான் சார். கதவச் சாத்துறவனப் பாத்து நீங்க அந்தக் குதி குதிச்சீங்க பாருங்க, அன்னிக்கே. பயமில்லாத ஆளுக்கு அவம்மேல அவ்வளவு கோவம் வராது. பாவம்னு விட்டுட்டுப் போயிருவான்.”

எட்டு வருஷம். நானூறு படமாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இந்த அறையில் நின்றுகொண்டு கை நீட்டி, குரல் உயர்த்தி, மைனஸ் அஞ்சு, மைனஸ் பத்து என்று தான் முழங்கியதையெல்லாம் இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல், முகம் கோணாமல், நல்லாருந்துச்சு சார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அத்தனை வருஷமும் அது தனக்குக் காட்டப்பட்ட இரக்கம் என்பது சாருக்கு இப்போதுதான் உறைத்தது. தாங்க முடியவில்லை. நேற்று அம்சத்தின் முன்னால் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

விருட்டென்று எழுந்தார். “நான் வர்றேன். இனிமே இந்தப் படியேற மாட்டேன்” என்றார். லியாகத் தடுக்கவில்லை. சார் மாடிப்படி வரை போனார். படிக்கு மேலே கூரை கிடையாது. மழை சுவர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சைக்கிளின் சீட்டு வரை சேறு தெறித்திருந்தது. ஒரு காலை முதல் படியில் வைத்தார். முழங்கால் வரைக்கும் நொடியில் நனைந்துபோயிற்று. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“விட்டதும் போங்க சார்,” என்றார் லியாகத், இருந்த இடத்தில் இருந்தே. “இந்த மழையில நனைஞ்சா உங்களுக்கு ஆவாது.”

 சார் திரும்பி வந்து, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். லியாகத் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார், காலைத் துடைத்துக்கொண்டார். கீழே கடையில் போன் அடித்தது. லியாகத் இறங்கிப்போய் எடுத்தார். ஷம்சாத் பேசுகிறாள் போலிருந்தது, அவர் பெண்டாட்டி. “ஆமா, தெரியும். நின்னுருக்கும். நான் போயி என்ன பண்றது? மடையா இருக்கு வெட்டி விடறதுக்கு?” என்று அவர் மழைக்கு மேல் கத்திச் சொல்வது மேலே வரை கேட்டது. அதன்பிறகு அவர் மேலே வரவில்லை. குடையைப் பிரித்துக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி, நிலம் இருக்கிற பக்கமாக நடந்து போவது ஜன்னலில் தெரிந்தது.

மழை ஆறரை மணிக்குத்தான் விட்டது. அதுவரைக்கும் குணசேகரன் சார் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார், அதற்குமேல் ஒரு சொட்டு நனையாமல்.